தரவு அறிவியல் மாணவர்களுக்கு வயல் தெரிந்த வழிகாட்டிகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு மாதங்களில் உங்கள் நாளிதழில் வரும் மேற்படிப்புப் பக்கங்களை எங்கள் வீட்டில் எல்லாரும் படிப்போம். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த பி.டெக். படிப்புக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம், கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் என்ன வேலை என்று விவரமாக எழுதுகிறீர்கள். சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் நான் அந்தப் பக்கங்களில் பார்த்ததில்லை. நான் அதே படிப்பில் இறுதியாண்டு மாணவி. ஊர் பாபநாசம் பக்கம். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாட வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலுக்கு இணையவழிப் பட்டப்படிப்பையே தொடங்கிவிட்டது. 2022-இல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சி கிடைக்கிறது. புரோகிராம் எழுதத் தெரியவில்லை என்றால் ஏ.ஐ. செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. இத்தனை இருந்தும், நான் போடும் அட்டவணையை ஒரு மனிதர் பொறுமையாகப் பார்த்து, "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்க மூன்றாம் ஆண்டு முடியும்வரை யாரும் இல்லை.

வகுப்பில் நடப்பது இதுதான். எல்லாரும் டைட்டானிக் கப்பல் டேட்டாசெட்டை, அதாவது அதில் போன பயணிகளின் விவர அட்டவணையை, இறக்கிக்கொள்வோம். பயிற்சிக்கான கோப்பில் 891 பயணிகள். அதில் 177 பேருக்கு வயது இல்லை. காலியாக இருக்கும் இடத்தில் மற்றவர்களின் வயதை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் போட்டு நிரப்பு என்று ஒரு வரி புரோகிராம் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்த 177 பேருக்கு ஏன் வயது இல்லை என்று கேட்க வேண்டும் என்றே தோன்றாது. அவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாம் வகுப்பில் போன ஏழைகள். யாருடைய விவரம் பதிவாகவில்லை என்பதே ஒரு தகவல். இதை எனக்குச் சொன்னவர் டைட்டானிக் டேட்டாவை அதற்கு முன் பார்த்தே இராதவர், பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வரிகூட எழுதாதவர்.

எங்கள் தெருவில்தான் இருக்கிறார். மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும் பகுதி டெல்டா கிராமங்களில் கழிந்திருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் சார் என்றே எழுதுகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எங்கள் குழு டெல்டா மாவட்டங்களின் நெல் மகசூலை எடுத்துக்கொண்டது. மழையை வைத்து மகசூலைக் கணிக்க வேண்டும் என்பது திட்டம். அப்பாதான் சொன்னார்: "நம்ம தெரு சார் காலமெல்லாம் இந்தக் கணக்கைத்தானே எழுதுனாரு, அவரைப் போய்க் கேளேன்."

போனோம். லேப்டாப்பைத் திறந்து காட்டினோம். கணினியில் கணிப்பதற்கு எந்த மாடல், எத்தனை சதவீதம் சரியாக வருகிறது என்று நாங்கள் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் அட்டவணையின் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "இந்த எண்ணை யாரும்மா எழுதுனது?"

எங்களுக்கு அது இணையத்தில் கிடைத்த கோப்பு, அவ்வளவுதான். அந்த எண் பிறக்கும் இடத்தை அவர் சம்பா அறுவடையின்போது எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். எந்தக் கிராமம், எந்த சர்வே எண் என்பதையெல்லாம் சமவாய்ப்பு எண் அட்டவணையை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். ஊழியருக்குப் பிடித்த வயலுக்கோ ரோட்டோரம் வசதியாக இருக்கும் வயலுக்கோ போக முடியாது. வயலின் தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில் நின்று, நீளவாக்கில் இத்தனை அடி எடுத்து வை, அகலவாக்கில் இத்தனை எடுத்து வை என்று அதற்கும் எண் இருக்கிறது. போய் நிற்கும் இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போடுகிறார்கள். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள்.

25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. தராசில் 12.5 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ. தராசில் 100 கிராம் கூடிப்போனால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடிப்போகும். ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் எடை வித்தியாசம் இருப்பதால் காயவைத்தும் பார்க்கிறார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் கோப்பில் அந்த ஒரு கட்டம்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சார் ஒரு பழைய சண்டையைச் சொன்னார். 1940-களில் வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து மகசூலை மதிப்பிட்டார். இன்னொரு புள்ளியியலாளரான பி.வி. சுகாத்மே அதை ஏற்கவில்லை. துண்டு சின்னதாக இருந்தால் ஓரம் அதிகம், கயிற்றுக்கு மேல் நிற்கும் தூரை ஊழியர் தன்னையறியாமல் உள்ளே சேர்த்துவிடுவார், மகசூல் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் வாதம். புத்தகத்தில் இதைப் படித்திருந்தால் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் போயிருக்கும். சேற்றில் நின்று, கயிற்றின் மேல் சாய்ந்து கிடக்கும் கதிரைக் காட்டி, "இது உள்ளயா வெளியயா, சொல்லு" என்று அவர் கேட்டபோது எங்கள் நாலு பேரிடமும் ஒரே பதில் வரவில்லை. அளவீட்டில் வரும் சாய்வு, அதாவது கணக்கு ஒரே பக்கமாகத் தவறுவது, என்றால் என்ன என்று அன்றைக்குப் பிறகு நான் மறக்கவில்லை.

அப்புறம் அட்டவணைக்கு வந்தோம். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னார். இதை யார் பதிவு செய்கிறார், எப்போது, எதற்காக, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். அந்தப் பக்கங்கள் நிரம்பும்வரை லேப்டாப்பைத் தொடக்கூடாது. அந்த நோட்டில் வந்த விஷயங்களில் சிலவற்றைச் சொன்னால்தான் நான் எதற்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும்.

மகசூல் கணக்கு வேளாண் ஆண்டுப்படி, அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, வருகிறது. கிராமக் கணக்குகள் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுப்படி. பசலி 1430 என்றால் 2020 ஜூலை 1 முதல் 2021 ஜூன் 30 வரை. இணையத்தில் நாங்கள் எடுத்த மழைக் கோப்போ ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. இரண்டையும் ஆண்டு என்ற ஒரே தலைப்பில் இணைத்தால் கணினி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இணைத்துவிடும். ஆனால் 2021 ஜனவரியில் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைவிட்டதே, அந்த மழை அடுத்த ஆண்டின் வரிசைக்குப் போய்விடும். பயிரை அடித்த மழை ஒரு வரிசையில், அடிபட்ட பயிர் வேறொரு வரிசையில்! மாடல் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்?

தினசரி மழையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழையை எழுதுகிறது. டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும் மழையில் பெரும் பகுதி டிசம்பர் 1 பகலிலும் ராத்திரியிலும் பெய்தது. தினசரி நீர்மட்டத்தோடோ வெள்ளத்தோடோ இதைச் சேர்க்கிறவர்களுக்கு இது தெரியாவிட்டால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் நெல் பரப்பு 2020-க்குப் பிறகு சட்டென்று சரிகிறது. வரைபடமாகப் போட்டால் ஏதோ பெரிய பேரழிவு போலத் தெரியும். இதே டேட்டாவை வைத்து வேறு ஒரு குழு, தண்ணீர் இல்லாமல் விவசாயம் சுருங்கிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நடந்தது என்னவென்றால், மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் வட்டங்கள் பிரிந்து 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. வயல்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதற்கு முன்னால் 1991-இல் நாகப்பட்டினமே தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. பழைய தஞ்சாவூர்க் கணக்கோடு இன்றைய தஞ்சாவூரை ஒப்பிடுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது குறுவை, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவம். எங்கள் மாடலில் குறுவைக்கும் உள்ளூர் மழைக்கும் ஒட்டுறவே தெரியவில்லை. சார் கேட்டார்: "குறுவைக்கு நம்ம ஊரு மழையை ஏன் பார்க்கிற? மேட்டூர் எப்பத் திறந்தான்னு பாரு." ஜூன் 12 வழக்கமான தேதி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தண்ணீர் கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையிலிருந்து வருகிறது. பம்புசெட் வைத்திருப்பவர் அணையைப் பார்க்காமலே நடவு போட்டுவிடுவார், ஆற்றுப்பாசனத்தை நம்பியவர் காத்திருப்பார். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை லேப்டாப்பில் இருக்கும் அட்டவணையோடு சேர்த்து யோசிக்க யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அணை திறந்த தேதியையும் நீர்மட்டத்தையும் சேர்த்த பிறகு மாடல் ஓரளவு பேச ஆரம்பித்தது. அதைவிட முக்கியம், அது எங்கே பேசாது என்பது எங்களுக்கே தெரிய ஆரம்பித்தது.

சார் ஒரு நாளும் விடையை நேராகச் சொன்னதில்லை. கேள்வி கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விடுவார். நாங்கள் சொல்லும் பதில் சரி என்றால் அடுத்த கேள்வி, இல்லை என்றால் அதே கேள்வி இன்னொரு விதமாக. எங்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் அவருக்குக் கூச்சமே கிடையாது. வட்டாரவாரியாக வண்ணம் தீட்டிய வரைபடத்தை நாங்கள் திரையில் போட்டுக் காட்டியபோது, தான் சைக்கிளில் சுற்றிய கிராமங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தார். அதில் இரண்டு வட்டாரங்களின் நிறம் பொருந்தவில்லை என்று அவர் சொன்ன பிறகு பார்த்தால், மூலக் கோப்பிலேயே வரிசை மாறியிருந்தது. இந்த மாதிரிக் கண் அனுபவத்தில் மட்டும்தான் வரும். அது ஓய்வூதியத்தோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கல்லூரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கைடு என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியரின் பெயர் இருக்கிறது. ஒரே ஆசிரியர் பெயரில் பல குழுக்கள். எங்களுக்கு வகுப்பெடுப்பவர்களில் பலர் கணினி அறிவியல் படித்தவர்கள், துறை புதிதாகத் தொடங்கியபோது இந்தப் பாடத்துக்கு மாற்றப்பட்டவர்கள். தாங்களே ராத்திரியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு காலையில் எங்களுக்கு நடத்துகிறார்கள். அவர்களிடம் போய் பசலியைப் பற்றிக் கேட்பது நியாயமில்லை. இடங்களைக் கூட்டும் வேகத்தில் சொல்லிக்கொடுக்கும் ஆட்களைத் தேடவில்லை. தவறு அங்கேதான் இருக்கிறது.

புள்ளியியல் அறிவே ஆளிடமிருந்து ஆளுக்குக் கை மாறி வந்தது. மகலனோபிஸ் இயற்பியல் படிக்கப் போனவர். 1915-இல் கேம்பிரிட்ஜிலிருந்து கிளம்பும் நேரத்தில் அவருடைய ஆசிரியர் மெக்காலே பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டியிருக்கிறார். அதைக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தவர் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே 1941-இல் வந்து சேர்ந்தவர் சி.ஆர். ராவ். அவரிடம் ஆய்வு செய்து 1963-இல் முனைவர் பட்டம் பெற்றவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கினார். இதில் என்னை அதிகம் தொட்டது வேறொன்று. ராவ் கேம்பிரிட்ஜுக்குப் போனது சூடானில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூடுகளின் அளவுகளை வைத்து வேலை செய்வதற்காக. அங்கே புள்ளியியல் மேதை ஃபிஷர் அவருக்கு வழிகாட்டி ஆனார். அவ்வளவு பெரிய கணித மேதைகூட எலும்பு, அளவுகோல் என்று கையில் பிடிக்கக்கூடிய பொருளின் பக்கத்திலிருந்துதான் வேலை செய்திருக்கிறார்.

புராஜெக்ட் சரியாக வராவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கிராமத்துக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பது நான் மேலே சொன்ன 5 மீட்டர் சதுரங்களில் வரும் எடையைப் பொறுத்தது. 2023-லிருந்து நெல், கோதுமை மகசூலுக்குச் செயற்கைக்கோள் படம், கணினி மாடல் போன்றவற்றின் மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். நாளைக்கு அந்த மாடலைப் போடப்போகிறவர்கள் என் வகுப்பில் படிக்கிறவர்கள்தான். மயிலாடுதுறை பிரிந்தது தெரியாமல், பசலி தெரியாமல், கயிற்றின் மேல் சாய்ந்த கதிரைப் பார்க்காமல் அவர்கள் போடும் மாடல் ஒரு விவசாயியின் வங்கிக் கணக்கில் போய் முடியும். எங்கள் அப்பாவும் அந்த விவசாயிகளில் ஒருவர்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். தரவு அறிவியல் துறை உள்ள கல்லூரிகள் அவர்களை இணை வழிகாட்டியாக முறைப்படி சேர்த்துக்கொள்ளட்டும். பைத்தான் தெரியாதே என்று தயங்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். போக்குவரத்துச் செலவும் மரியாதையான ஒரு மதிப்பூதியமும் கொடுக்கலாம். புராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, தரவு எங்கே எப்படிச் சேகரிக்கப்பட்டது என்று மாணவர் நேரில் பார்த்து எழுதும் குறிப்புக்கு ஒதுக்கலாம். மாவட்டப் புள்ளியியல் அலுவலகங்கள் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாட்களில் அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் சிலரை உடன் அழைத்துப் போகலாம். ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும்: விவசாயியின் பெயர், சர்வே எண் போன்றவை மாணவர் கைக்குப் போகக்கூடாது. சாரும் எங்களை அவற்றைக் குறித்துக்கொள்ள விட்டதில்லை. மாணவிகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குழுவாகவும் ஒரு பெண் ஆசிரியர் உடனிருக்கும்படியும் ஏற்பாடு செய்தால் எங்கள் வீடுகளில் சம்மதிப்பார்கள்.

விவசாயம் மட்டுமில்லை. அரசு மருத்துவமனையில் பதிவேடு எழுதியவர், போக்குவரத்துக் கழக டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர், மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவர் என்று எந்தத் துறையில் மாணவர் புராஜெக்ட் செய்கிறாரோ அந்த எண்ணைக் கையால் எழுதிய ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். தேடிப் போய்க் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் சாரிடம் நாங்கள் போய் நின்றபோது, "இதையெல்லாம் கேட்க ஒருத்தரும் வந்ததில்லையேம்மா" என்றார்.

இந்த ஆண்டு எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு குழுவைச் சேர்த்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒருவரால் முடியாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருக்கும் ஓய்வுபெற்ற புள்ளியியல் துறையினர் யாராவது இதைப் படித்தால், அருகிலுள்ள கல்லூரியின் துறைத் தலைவரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். தை மாதம் சம்பா அறுவடை தொடங்கிவிடும். அதற்கு முன்பே பேசிவைத்தால் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கும்.

தங்கள் வாசகி,
தரவு அறிவியல் இறுதியாண்டு மாணவி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.